லொறிக்கு ஆணி எடுத்துக் கொடுத்தவள்

கனடாவில் இருக்கும் என் மகன் போன மாதம் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினான். பெட்டியின் மேல் பெரிய சில்லுகள் வைத்த ஒரு லொறியின் படம். தூரத்தில் நின்று றேடியோவால் ஓட்டுகிற லொறி. முடித்த லொறியாக வராது. துண்டு துண்டாக வரும், நாங்கள்தான் பூட்டி எடுக்க வேண்டும்.

"விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ அம்மா. இது பெரிய ஆக்கள் பூட்டுறது," என்றான். முப்பது வயது தாண்டியவனுக்குத் தாயிடம் சொல்ல வெட்கம் போல.

"றேடியோவும் பற்றறியும் உந்தப் பெட்டிக்குள்ளை இராது, ராசா. அதுகளைத் தனியப் பாத்துத் தெரிஞ்செடுக்க வேணும். பாத்தனியோ?" என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கைத்தொலைபேசியில் எந்தப் பொத்தானை அமத்தினால் கதை நிற்கும் என்று இன்றைக்கும் கேட்கிறவள் நான். "உங்களுக்கு உது எப்பிடியம்மா தெரியும்?" என்றான். எனக்குக் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது.

"தனிய இருந்தோ பூட்டப்போறாய்? பக்கத்திலை ஆரும் இருப்பினமோ?"

"ஏனம்மா, நிசமான லொறி எண்டு நினைச்சியளோ, பிடிச்சுத் தூக்க ஆள் வேணுமெண்டு?" என்று சிரித்தான். பிறகு, மனைவி வீட்டில்தான் இருப்பாள் என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அவனுக்குச் சொல்லாததை எழுதுகிறேன். ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீளமாகக் கதைக்க எனக்குச் சின்ன வயதிலேயே வராது.

அப்பாவின் தம்பியை நாங்கள் குஞ்சியப்பு என்று கூப்பிடுவோம். அவர் கப்பலில், இஞ்சின் அறையில் வேலை செய்தவர். எங்கள் வீடு பருத்தித்துறைப் பக்கம், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது கப்பலில் இருப்பார். கப்பலால் ஒருவர் வந்தால் அது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய வருகை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கார் பிடித்து, காரின் கூரையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டு வாசல் ஒழுங்கை முழுக்க சனம் கூடும். அடுத்த நாள் கோவிலில் அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே மணமாக மணப்பார்கள், ஏனென்றால் செண்ட் போத்தல் ஒன்றுதான் வந்திருக்கும்.

குஞ்சியப்பு அந்த முறை வந்தது அப்படி இல்லை. வர வேண்டிய காலத்துக்கு முன்னமே வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்தார். கையில் ஒரு பை, கக்கத்தில் ஒரு பெட்டி. அம்மாவுக்குச் சேலை இல்லை, அப்பாவுக்கு மணிக்கூடு இல்லை. மாமிக்கும் ஒன்றும் இல்லை. மாமி என்றால் அப்பாவின் தங்கை, அப்போது கல்யாணம் முடிக்காமல் எங்களோடு இருந்தவர். கக்கத்தில் இருந்த பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, குஞ்சியப்பு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படியே படுத்திருந்தார்.

கப்பலில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. இஞ்சின் அறையில் கூட வேலை செய்த ஒருவர் செத்துப்போனார், இவர் பக்கத்தில் நின்றவர் என்று அம்மா பின்னாளில் ஒரே ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன் வாயிலேயே மெல்லத் தட்டிக்கொண்டார்.

ஒரு விடியற்காலை அப்பா குஞ்சியப்புவைக் கடற்கரையிலிருந்து கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சு வரைக்கும் உடுப்பு நனைந்திருந்தது. உடுப்போடு ஏன் கடலில் குளித்தவர் என்று நான் கேட்டேன். "நீ போய் முகத்தைக் கழுவு," என்று அம்மா சொன்னார். அவர் குரல் வழக்கமான குரலாக இல்லாததால் நான் போய்க் கழுவினேன், ஏற்கெனவே கழுவியிருந்த முகத்தை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் கவலை ஒன்றே ஒன்று, குஞ்சியப்புவின் உயிர். அது கடைசியில் தப்பவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதைக்குள் வைத்து ஆட்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று இந்தக் காலத்து ஆட்கள் கேட்பார்கள். மாமிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்று வெளியே தெரிந்தால் பேச்சு அந்த இடத்திலேயே நிற்கும். குஞ்சியப்பு கப்பலுக்குத் திரும்பிப் போகமாட்டார் என்று தெரிந்தாலும் நிற்கும், மாமியின் சீதன வீடு பாதிச் சுவரோடு சீமெந்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. அதனால் கோவிலில் நூல் ஓதிக் கட்டினார்கள். நூல் சட்டைக் கைக்குள் மறைந்திருக்கும். ஊர் கேட்டால், லீவில் நிற்கிறார், உடம்புக்குக் களைப்பு. அவ்வளவுதான் பதில்.

அம்மா ஒரு நாள் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை விளக்குமாறால் இழுத்தெடுத்தார். "இதை என்ன தம்பி செய்யப்போறியள்? எறும்பு பிடிக்கப்போகுது," என்றார். எறும்பு பிடிக்கத் தின்பண்டமா அது? ஆனால் எதையாவது சொல்ல வேண்டும் என்று சொல்லியிருப்பார். குஞ்சியப்பு திரும்பிப் பார்த்தார். கனநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூட்ட வேணும்," என்றார்.

அது அவர் பல நாட்களுக்குப் பிறகு வாயைத் திறந்து சொன்ன சொல். அம்மா விளக்குமாறைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினார். மாமி ஓடிவந்தார். மத்தியானம் கடையிலிருந்து வந்த அப்பாவுக்குப் படலை வாசலிலேயே செய்தி சொல்லப்பட்டது. ஒரு விளையாட்டு லொறியை ஒரு வளர்ந்த மனிதன் பூட்டப்போகிறான் என்றதற்கு எங்கள் வீடு, அவருக்குக் கப்பலில் முதல் வேலை கிடைத்தபோது பட்ட சந்தோஷத்தை விடக் கூடச் சந்தோஷப்பட்டது.

எனக்கு அன்றைக்கே வேலை தரப்பட்டது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. "கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். குஞ்சியப்புவுக்கு ஆணி எடுத்துக் குடுக்க ஆள் வேணும். உன்ரை விரல்தான் சின்ன விரல்," என்றார் அப்பா. வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே அழுகை வருகிற பிள்ளை நான். எனக்கு இதைவிடப் பெரிய வரம் கிடைத்திருக்காது.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மிச்சத்தைச் சொன்னார். "அவர் இருந்தால் நீ இரு. அவர் எழும்பினால் நீயும் எழும்பு. கடற்கரைப் பக்கம் போனால் உடனை ஓடிவந்து எனக்குச் சொல்லு. கக்கூசுக்குப் போனால் வெளியிலை நிண்டு பாட்டுப் பாடு, அவருக்குக் கேக்கத்தக்கதாய்."

"எனக்குப் பாட்டு வராதேயம்மா."

"அப்ப வாய்ப்பாடு சொல்லு."

லொறி பூட்டுகிறவருக்கு வாய்ப்பாடு எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. ஆணி எடுத்துக் கொடுப்பதில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டேன். வளவின் பின்மூலையில், வாழைகளுக்குப் பக்கத்தில், கக்கூசின் தகரக் கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு நாளும் வாய்ப்பாடு சொன்னேன். ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடக்குப்பட்டு, ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றேன். கதவுக்கு உள்ளேயிருந்து, "அம்பத்தாறு, பிள்ளை," என்று குஞ்சியப்புவின் குரல் வந்தது. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் வெளியே வரவில்லை.

பெட்டியைத் திறந்த அன்று முதலில் ஏமாற்றம்தான். உள்ளே பைகள் பைகளாகச் சாமான். கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு சின்ன மோட்டோர், நாலு பெரிய ரயர், எண்ணெய்க் களிம்பு வைத்த விரல் அளவு ரியூப், கடுகுமணி மாதிரி திருகு ஆணிகள். பெட்டிப் படத்தில் லொறி மணலைக் கிளப்பிக்கொண்டு போகிறது. ஆனால் அதைப் போகச் செய்கிற சாமான் ஒன்றும் உள்ளே இல்லை. றேடியோ இல்லை. பற்றறி இல்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமானும் இல்லை.

"யப்பான்காரன் நல்லாய் ஏமாத்திப்போட்டான், சின்னண்ணை," என்றார் மாமி.

"ஏமாத்தேல்லை. உதுகள் தனிய. லொறிக்கு ஏத்ததாய் நாங்கள்தான் தெரிஞ்செடுக்க வேணும்." அவர் ஒரு ரயரைக் கையில் எடுத்து அமத்திப் பார்த்தார். "கடையிலை மூண்டு வைச்சிருந்தவன். ஒண்டு பூட்டி முடிச்சது, சின்னப் பிள்ளையளுக்கு. ஒண்டு நிலத்தோடை நிலமாய்ப் போற ரேஸ் கார். அது எங்கடை ஒழுங்கையிலை வயிறடிபட்டு நிண்டுபோடும். உயரமாய் இருக்கிறதெண்டு இதை எடுத்தனான்."

வந்த நாளிலிருந்து பேசாததையெல்லாம் அவர் ஒரேயடியாகப் பேசியது போல இருந்தது. எங்கள் ஒழுங்கையை நினைத்து, எங்கோ ஒரு துறைமுகத்துக் கடையில் நின்று அவர் அந்த லொறியைத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்பது அம்மாவுக்குப் பெரிய நம்பிக்கை. ஒழுங்கையில் ஓட்ட நினைத்தவருக்கு வீட்டுக்கு வரும் எண்ணம் இருந்தது, இருக்கிற எண்ணம் இருந்தது என்று அம்மா கணக்குப் போட்டார்.

விறாந்தையில் வாங்குப் பலகையைப் போட்டு, அதன் மேல் பழைய வெள்ளைச் சாரம் ஒன்றை விரித்தோம், ஆணி விழுந்தால் தெரிவதற்கு. ஆணிகளை நான் பீரிஸ் தட்டுகளில் பிரித்து வைத்தேன், கட்டை ஆணி ஒன்றில், நெட்டை ஆணி ஒன்றில், தட்டைத் தலை ஒன்றில். அவர் கையை நீட்டுவார். நான் வைப்பேன். ஆரம்பத்தில் அவருடைய கை நடுங்கி ஆணி கீழே விழும். தேடி எடுத்துத் திரும்ப வைப்பேன். கொஞ்ச நாளில் நடுக்கம் குறைந்தது. நான் சாப்பிட்டால் அவரும் சாப்பிடுவார் என்று கண்டுபிடித்து, அம்மா எனக்கு அளவுக்கு மிஞ்சிச் சாப்பாடு போட்டார். அந்தக் காலத்தில் நான் நன்றாகக் கொழுத்தேன்.

மோட்டோரின் முனையில் பூட்டுவதற்குப் பெட்டியில் இரண்டு பல்லுச் சில்லுகள் இருந்தன, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெரிதைப் போட்டால் லொறி வேகமாகப் போகும். சின்னதைப் போட்டால் மெல்லப் போகும், ஆனால் மணலில் நின்று இழுக்கும். குஞ்சியப்பு இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினார்.

"எது பிள்ளை?"

பெரியவர்கள் யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. "சின்னது," என்றேன், சின்னது வடிவாக இருந்ததால்.

"ஓம். வேகத்திலை என்ன கிடக்கு. புதைஞ்சால் வெளியிலை வரத் தெரிய வேணும்."

உப்புக் காற்றும் மணலும் அச்சுக்குள் போகாமல் இருக்க, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி நாலு சில்லுக்கும் உறை செய்தார். லொறிக் கதவுக்கு நிறம் பூச மாமி வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற் கொண்டுவந்தார். பூசின கையோடு கதவு உருகிச் சுருங்கி, பொரித்த அப்பளம் மாதிரி எழும்பியது. மாமி அழப்போனார். குஞ்சியப்பு அந்தக் கதவைத் தூக்கிப் பார்த்து, "வெயில் பிடிச்ச முகம். எங்கடை ஊர் லொறிதான்," என்றார். அது பகிடி. அவர் பகிடி விட்டார் என்று அன்று முழுக்க அம்மாவும் மாமியும் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதெல்லாம் மணத்திருக்க வேண்டும். ஒரு நாள் கிடுகை விலக்கி, "என்ன, உங்கடை கப்பல்காரர் லொறி கட்டுறாராம்? எங்கடை வளவுக்கும் ரெண்டு லோட் மண் பறிச்சுவிடச் சொல்லுங்கோவன்," என்றார்.

மாமி விடவில்லை. "ஓமக்கா, வருவார். முதல்லை உங்கடை வாயிலை கிடக்கிறதை அள்ளி ஏத்திப்போட்டுத்தான் மற்ற வேலை."

குஞ்சியப்புவுக்கு அது கேட்டிருக்கும். அவர் தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்குப் பூட்டி முடித்த முன்பக்கத்தை முழுக்கக் கழற்றினார். பிழையாகப் பூட்டியதாகச் சொன்னார். எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை.

அப்படி அவர் பல தரம் கழற்றினார். றேடியோவும் பற்றறியும் வரும் வரைக்கும் வேறு வேலையும் இல்லை. முன்பு அவரோடு ஒரே கப்பலில் இருந்த மீசைக்கார மாமா ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவர்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோகும் கூட்டாளிகளைப் பிடித்து அவற்றை எடுப்பித்துத் தருவதாகச் சொன்னவர். என்ன மாதிரி வேண்டும் என்று குஞ்சியப்பு அவருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். கையில் பிடிக்கிற பெட்டிக்கு இரண்டு தடி இருக்க வேண்டும், ஒன்று வேகத்துக்கு, ஒன்று திருப்பத்துக்கு. பற்றறி திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடியதாக, பாரம் குறைந்ததாக இருக்க வேண்டும்.

முதலில் றேடியோ வந்தது. பற்றறி வரவில்லை. பொறுக்க முடியாமல் அப்பா ரோச் லைற் பற்றறிகளை வாங்கி வந்து கட்டிப் பார்த்தார். லொறி ஒரு சாண் நகர்ந்து, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது. அடுத்து மீசைக்கார மாமா தன் மோட்டார் சைக்கிளின் பற்றறியைக் கழற்றிக்கொண்டு வந்து மேலே வைத்தார். நாலு சில்லும் வெளிப்பக்கம் சரிந்து, லொறி வயிறு நிலத்தில் முட்டக் குந்திவிட்டது.

"கன பாரம்," என்றார் குஞ்சியப்பு. "தாங்காது. எடு."

பெரியவர்கள் முகம் விழுந்தது. அவர்களுக்கு அது லொறி இல்லை. "இது ஓடட்டும். இது ஓடினால் அவன் சரி," என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எங்கிருந்து அந்த எண்ணம் வந்தது என்று தெரியாது. வைத்தியர் ஒருவர் சொன்னது போல எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். லொறி ஓடினால் குஞ்சியப்பு சுகம். குஞ்சியப்பு சுகமானால் கப்பல். கப்பல் என்றால் சீமெந்து, மாமியின் கல்யாணம். எல்லாம் அந்தச் சின்னப் பல்லுச் சில்லில் வந்து நின்றது. லொறி ஓட வேண்டும் என்று நானும் பிள்ளையாரை மன்றாடினேன்.

நாங்கள் இருவரும் பற்றறிக்குக் காத்திருந்த ஒரு பின்நேரம் கடற்கரைப் பக்கத்தில் வள்ளம் ஒன்றின் இயந்திரம் ஓடி ஓடிச் சட்டென்று நின்றது. குஞ்சியப்புவின் கையில் இருந்த, ஆணி முறுக்குகிற திருப்புளி விழுந்தது. அவர் முகம் முழுக்க வேர்த்துவிட்டது.

"ஓடிக்கொண்டிருக்கேக்கை பயமில்லை, பிள்ளை," என்றார். "நிக்கிற சத்தம்தான்."

நிற்கிறதுக்கு எப்படிச் சத்தம் இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. திருப்புளியை எடுத்துக் கொடுத்தேன்.

பற்றறி வந்தது. சந்தியில் கார்ப் பற்றறிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிற கடையில் கொடுத்து ஏற்றி வந்தார்கள். அம்மா சாத்திரியாரிடம் நல்ல நேரம் கேட்டுக்கொண்டு வந்தார். எதற்கு நேரம் என்று அவர் கேட்டதற்கு, புது வாகனம் என்று சொன்னாராம். பொய்யில்லைத்தானே. எந்தப் புது வாகனத்துக்கும் செய்வது போல லொறியின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தார்கள். சில்லை விடத் தேசிக்காய் பெரிதாகத் தெரிந்தது. "உது ஏறி நசிக்காது, எடுங்கோ மச்சாள்," என்று மாமி சிரித்தார். அம்மா விடவில்லை.

குஞ்சியப்பு படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்று, ஏரியலை இழுத்து நீட்டி, தடியை மெல்லத் தள்ளினார். லொறி முக்கியது. சில்லுகள் தேசிக்காயில் சறுக்கின. பிறகு பிடித்தது. ஒரு தேசிக்காய் பிளந்து, சாறு போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மீசைக்கார மாமாவின் கண்ணில் அடித்தது. அவர் கத்தினார். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. லொறி மணலில் புதைந்து, புதைந்த இடத்திலிருந்து தானாக ஏறி வெளியே வந்து, வேலியோரமாக ஓடியது. குஞ்சியப்புவும் சிரித்தார். பல்லுத் தெரியச் சிரித்தார்.

றேடியோப் பெட்டியை என் கையில் தந்தார். எனக்கு எந்தத் தடி எதற்கு என்று தெரியும், ஆனால் இவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்றதும் கை மரத்துவிட்டது. லொறி நேரே போய்ப் பக்கத்து வீட்டு வேலியில் அடித்தது. லொறியின் மூக்கில் இருந்த முன்தடை முறிந்தது.

"பறவாயில்லை," என்றார் குஞ்சியப்பு. "பூட்டினது பூட்டினதுதான்."

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. அவர் தானாகக் கேட்டு இரண்டாம் தரம் வாங்கினார். அம்மா அடுக்களைக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கப்பலுக்கு எப்போது எழுதிப் போடலாம் என்று அப்பா தொட்டுப் பார்க்க, "பாப்பம் அண்ணை," என்றார். பிறகு என்னைக் காட்டிச் சொன்னார். "பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும். இனி இஞ்சை அவளுக்கு என்ன வேலை? படிப்புப் பாழாப் போகுது."

அந்த ஒரு சொல்லால் வீட்டில் எல்லாருடைய நெஞ்சிலும் இருந்த கல் இறங்கியது. தன்னைப் பற்றியே நினைவில்லாமல் கிடந்தவர் ஒரு பிள்ளையின் படிப்பை நினைக்கிறார். இதற்கு மேல் என்ன சுகம் வேண்டும்? "ஓம், ஓம், போகட்டும்," என்றார் அப்பா.

என்னை எதற்காக அவர் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அவருக்குத் தெரியும். தகரக் கதவுக்கு வெளியே நான் முதல் வாய்ப்பாட்டைச் சொன்ன அன்றே தெரிந்திருக்கும். இது எனக்கு விளங்க எத்தனையோ வருடம் எடுத்தது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வேலியில் அடித்து முன்தடையை முறித்ததால் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார் என்பதுதான். கோபமாகப் படுத்தேன். காலையில் சட்டை போட்டுக்கொண்டு படலைக்குப் போகும்போது குஞ்சியப்பு கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றார். வாய் முழுக்க நுரை. கதைக்க முடியாமல் பிரஷைத் தூக்கிக் காட்டினார். நான் முகத்தை நீட்டிக்கொண்டு போனேன். அவர் தோளைக் குலுக்கிச் சிரித்தது தெரிந்தது.

வகுப்பில் என் இடத்தில் வேறொரு பிள்ளை இருந்தாள். காய்ச்சல் சுகமோ என்று வாத்தியார் கேட்டார். ஓம் என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் இந்த நேரம் அவருக்கு யார் ஆணி எடுத்துக் கொடுப்பார்கள் என்று யோசித்தேன். முறிந்த முன்தடையை மாற்ற வேண்டும். அதற்குக் கட்டை ஆணி வேண்டும். கட்டை ஆணி எந்தப் பீரிஸில் இருக்கிறது என்று மாமிக்குத் தெரியாது. நெட்டையை எடுத்துக் கொடுப்பார்.

இடைவேளைக்கு மணி அடிக்க முன்னமே அப்பா வந்தார். கடைக்குப் போடுகிற சேட் இல்லாமல், வீட்டுப் பெனியனோடு, செருப்பும் இல்லாமல் வகுப்பு வாசலில் நின்றார். வாத்தியாரிடம் ஏதோ சொன்னார். வாத்தியார் என்னிடம் வந்து, ஒருநாளும் இல்லாத மாதிரி, தானே என் கொப்பிகளை அடுக்கிப் பையில் வைத்து என் தோளில் மாட்டிவிட்டார். அந்த வகுப்புக்கு நான் பிறகு திரும்பிப் போகவில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. என் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். என்னை விட்டால் ஆள் இல்லை.

சைக்கிள் பாரில் ஏறி இருந்துகொண்டு, "பாத்தியளே அப்பா, நானில்லாட்டி குஞ்சியப்புவுக்குச் சரிவராது," என்றேன். அப்பா மூச்சு வாங்க வாங்க மிதித்தார். எதிர்காற்று, களைத்திருப்பார் என்று நினைத்தேன்.

எங்கள் ஒழுங்கையில் சனம் நிறைந்து நின்றது. நேற்று நின்றதை விடக் கூட. பக்கத்து வீட்டு அக்கா கூட வேலியை விட்டு வெளியே வந்து எங்கள் படலையடியில் நின்றார். லொறி ஓடுவதைப் பார்க்க இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே என்று எனக்குப் புளுகமும் சந்தோஷமும் தாங்கவில்லை. சனத்தைக் கண்டால் ஒளிகிற நான் அன்று ஒளியவில்லை. சைக்கிளிலிருந்து குதித்து, இரண்டு கையாலும் ஆட்களை விலக்கினேன்.

"விடுங்கோ, விடுங்கோ," என்றேன். "நான்தான் அவருக்கு ஆணி எடுத்துக் குடுக்கிறது."

எல்லாரும் வழி விட்டார்கள்.